நான் செய்த வண்டு, ஊருக்கு வந்த வண்டு

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். படப்பையில் சாயங்காலம் நல்ல மழை. பஸ் ஏறி ஊருக்கு வந்தால் இங்கே தரை நனையவே இல்லை.

குன்றத்தூர் கல்யாண வீடியோ முடிந்தது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ தும்மியிருக்கிறார்கள். அந்தத் தும்மலை எடுக்க ஒரு மணி நேரம். இனி ஆடி, முகூர்த்தம் கிடையாது. ஒரு மாதம் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்கிறார் நான் எடிட்டிங் செய்கிற படப்பை ஸ்டுடியோவின் முதலாளி பாஸ்கர் அண்ணன். எனக்கு ஈ வேண்டாம். வண்டு இருக்கிறது.

எங்கள் மாடி அறையில் குடியிருக்கிற இசக்கியம்மாளின் குறும்படம். (இனி இ. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் நின்று வேலை, மிச்ச நேரத்தில் கதை. ஒன்பது நிமிடப் படம். வேலைக்கு வந்த ஒரு பெண், வாடகை அறை, சோற்றுப் பானையைத் திறக்கிறாள், ஒரு வண்டு. பிறகு பத்து. பிறகு சுவரே தெரியவில்லை.

கற்பனை ஒன்றும் இல்லை. ஊர்க்கோடியில் தானியக் குடோன் வந்து இரண்டு வருடம். ஏழு மணிக்கு ட்யூப்லைட்டைப் போட்டால் செவப்பு வண்டு எல்லார் வீட்டுக்கும் வருகிறது. அதையே போனில் எடுத்துப் பார்த்தோம். மிளகு தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது, பயமே இல்லை. நடிக்க ஒத்துக்கொண்ட பெண்ணும் உண்மை வண்டு என்றால் வரமாட்டேன் என்கிறாள். ஆக, கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும்.

"ஒன்னால முடியுமா பிள்ள?" என்றாள் இ.

முடியும் என்றேன். தெரியாமல்தான் சொன்னேன். பாஸ்கர் அண்ணனிடம் கேட்டதற்கு, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரன் வேலை, நமக்கு மாலை மேல் பூ கொட்ட வைக்கிறதோடு சரி என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே செய்வேன்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. லேப்டாப்பும் காய்கிறது, காய்ச்சலுக்கு ஈரத்துணி மாதிரி அடியில் ஒரு ஸ்டீல் தட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு வண்டு செய்ய மூன்று நாள். ஆறு கால், இரண்டு மீசை, முதுகில் கோடு. அதை நாலாயிரமாகப் பெருக்கி எங்கள் சமையலறைச் சுவர் மேல் விட்டேன். காலிச் சுவரை முதலில் காமிராவில் எடுத்து வைத்தாயிற்று, ஸ்டாண்டை நகர்த்தாமல். அதன் மேல் வண்டு ஓட வேண்டும்.

ஓடியது. எப்படி என்றால்:

- கடுகு தாளிக்கிற மாதிரி துள்ளுகிறது.
- எல்லாம் ஒரே அளவு. அச்சில் வார்த்த மாதிரி.
- எல்லாம் ஒரே நேரத்தில் திரும்புகிறது. பள்ளிக்கூட டிரில்.
- நிழல் இல்லை. சுவரில் ஒட்டாமல் மிதக்கிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, எள்ளு கொட்டிக் கீது?"

எள்ளாம். போகட்டும்.

அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒரு கையால் தட்டுக்கு மேல் மூடி பிடித்து, இன்னொரு கையால் வாயில் போட்டு. இரண்டு வருடமாக இப்படித்தான். பகலில் அம்மாவுக்கு அந்தக் குடோனிலேயே பெருக்குகிற வேலை, கான்ட்ராக்டில். பகலெல்லாம் பெருக்கித் தள்ளியது சாயங்காலம் வீட்டுக்கே வருகிறது என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம், காற்று இல்லை. வண்டுக்கு ஏற்ற நாள்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு மணி நேரம் சுவரையே பார்த்தேன். இரண்டு வருடமாக அடித்துத் தள்ளியிருக்கிறேனே தவிர ஒரு நாளும் பார்த்ததில்லை. குறிப்பு:

1. நடுச்சுவரில் அதிகம் நடக்காது. ஓரம், மூலை, அலமாரி இடுக்கு.
2. நாலு அடி நடக்கும், நிற்கும், மீசையை ஆட்டும், மறுபடி நடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.
3. விளக்குக்குத்தான் பறந்து வரும். வந்ததும் எதற்காவது அடியில் புகுந்துகொள்ளும். தட்டு, பாய், தலையணை.
4. கூரையிலிருந்து விழுந்தால் மல்லாந்து கிடந்து காலை உதைக்கும். எப்போது பார்த்தாலும் பத்தில் ஒன்றாவது மல்லாக்க.
5. தொட்டால் செத்த மாதிரி கிடக்கும். காலை மடக்கிக்கொள்ளும். இருபது எண்ணினால் ஒரு கால் அசையும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

ஐந்தாவதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

சத்தம்? உண்மையில் சத்தமே இல்லை, ட்யூப்லைட்டில் மோதும் டிக் டிக் மட்டும். படத்துக்கு அது போதாது என்கிறாள் இ. முறத்தில் கசகசாவைச் சரித்து மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தேன். கேட்டவுடன் காதைத் தேய்த்துக்கொண்டாள். சரி, கசகசாதான்.

ஜூலை 14, திங்கள்

மத்தியானம் பத்து நிமிடத் தூறல்.

வந்துவிட்டது. இருபது விநாடி. ஐந்து அளவு வண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேகம், ஓரம் பார்த்து நடை, சுவரில் நிழல். காமிராவுக்கு மிக அருகில் மட்டும் உண்மை வண்டு. அம்மா பெருக்கி எடுத்த செத்த வண்டுகளை ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தேன், அதைத் தட்டில் தூவி எடுத்த காட்சி. கண் முதலில் அதைப் பார்த்து நம்பிவிடுகிறது, பின்னால் இருக்கிற பொய்யையும் சேர்த்து நம்பிவிடுகிறது.

மல்லாந்து கிடப்பது இன்னும் செய்யவில்லை. அடியில் புகுவதும் இல்லை. சோதனைக்குத்தானே.

இ.யிடம் காட்டினேன். பாவாடையை இழுத்துக் காலுக்குள் செருகிக்கொண்டாள். அதுவே சர்டிபிகேட்.

ஜூலை 20, ஞாயிறு. ஆடி முதல் ஞாயிறு

எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதி வைக்க வேண்டும்.

அம்மன் கோயிலில் கூழ். நேற்றே கிண்டி நாலு பெரிய பானையில் புளிக்க வைத்து, துணி கட்டி, கோயிலுக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மேலே சீரியல் விளக்கு. காலையில் துணியை அவிழ்த்தால் இரண்டு பானையில் கூழ் மேல் செவப்பாக ஆடை படிந்த மாதிரி. வண்டு. உயிரோடு பாதி, மூழ்கினது மீதி. துணி இடுக்கில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

வரிசையில் செம்பும் குண்டானும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு நாலு பேர் பானையைத் தூக்கிப் போய் ஏரிக்கரையில் கவிழ்த்தார்கள்.

ஸ்டுடியோ காமிரா என்னிடம் இருந்தது. எடுத்தேன். பானை, துணி, கவிழ்த்தது, அம்மா கையால் துணியைத் தட்டுவது, எல்லாம். நாலு நிமிடம், வெட்டாமல்.

ஊராட்சித் தலைவர் (எனக்குச் சித்தப்பா முறை) இந்த வீடியோவோடு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன் என்றார். இதற்கு முன் கொடுத்த இரண்டு மனுவுக்கும் ஆட்கள் பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, வண்டு இல்லையே என்று போய்விட்டார்கள். பகலில் எப்படி இருக்கும்.

ஜூலை 28, திங்கள்

வெக்கை. பஸ்ஸில் நெரிசல். செருப்பு அறுந்தது.

மனு கொடுத்தாயிற்று. பென் டிரைவில் வீடியோ. சாயங்காலம் தெரிந்தது: இரண்டு வீடியோ. ஒன்று கூழ்ப்பானை. இன்னொன்று என்னுடைய இருபது விநாடி.

இ. ஆசையாக ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். யாரோ எடுத்து, எங்கள் ஊர் நிலைமை என்று எழுதி எல்லா குரூப்பிலும் சுற்ற விட்டிருக்கிறார்கள். சித்தப்பா அதையும் உண்மை என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்.

இ. அழுதாள். "சொல்லாமப் போட்டது எந் தப்புதான்." ஸ்டேட்டஸைத் தூக்கிவிட்டாள். ஆனால் ஊரெல்லாம் சுற்றுகிறதை யார் தூக்குவது.

உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஊரே நம்பியிருக்கிறது, தினம் வண்டு பார்க்கிற ஊர். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சின்ன சந்தோஷம் போயிற்று.

குடோன் மேனேஜர் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. போனில் என் வீடியோவை ஓட்டி, நிறுத்தி, விரலால் பெரிதாக்கிக் காட்டினார். பதினாலாவது விநாடி. ஒரு வண்டு ஸ்டீல் டம்ளருக்குள் நேராகப் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறது. வண்டு உள்ளே நுழையாதபடி கம்ப்யூட்டரில் சுவரைத் தடுத்து வைத்தேன், தட்டைத் தடுத்து வைத்தேன், டம்ளரை மறந்துவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது. திருட்டுத்தனத்துக்கு வந்த வெட்கம் இல்லை, வேலையில் விட்ட பிழைக்கு.

நல்ல வேலைதான் என்று பாராட்டினார். எங்கள் குடோன் விழா, அதிகாரிகள் வருகை, எல்லா வீடியோவும் இனி இந்த ஸ்டுடியோவுக்கே என்றார். ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். இரண்டு வீடியோவுமே நான் கம்ப்யூட்டரில் செய்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார், கையெழுத்துக்கு இடம் விட்டு.

சுவரில் ஓடியது நான் செய்தது, கூழில் மிதந்தது உங்களுடையது என்றேன்.

முகம் மாறவில்லை. "உங்கம்மா எங்கிட்டதானம்மா வேலை செய்யறாங்க. யோசிச்சுச் சொல்லு."

காகிதத்தை மடித்து அவர் சட்டைப்பை உயரத்துக்கு நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார். பாஸ்கர் அண்ணன் வெகுநேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு டீ சொன்னார், இரண்டு. ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மாவைக் குடோன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இனி வரவேண்டாமாம்.

பத்து மணிக்கே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னால்தானே என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"நீ இன்னா தப்பு பண்ண? மூணாம் நம்பர் ஷெட்டுல மூட்டை நாறிக்கினு கீது. ஒரு வருஷமா யாரும் தொடல. பெருக்குற எனக்குத் தெரியாதா? இத்தினி நாள் வாய மூடிக்கினு இருந்தேன் பாரு, அதான் தப்பு."

இத்தனை நாள் எனக்கும் சொன்னதில்லை.

மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு. உட்கார்ந்து சாப்பிட்டோம், பகல்தானே.

ஆகஸ்ட் 11, திங்கள்

லேசான மழை. கொடியில் துணி மறந்து நனைந்தது.

சித்தப்பா வந்தார். மனு சிக்கலில் இருக்கிறது. குடோன்காரர்கள் எல்லாமே கிராபிக்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், டம்ளர் வண்டைச் சாட்சி வைத்து. பதினைந்தாம் தேதி கிராம சபை, பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வருகிறார். அவர் கேட்டால் இரண்டுமே உண்மை என்று நான் சாதித்துவிட வேண்டுமாம். இல்லை என்றால் நான் வராமல் இருப்பது நல்லது. "ஊருக்காகச் சொல்லு பாப்பா. ஒரு பொய்தானே."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருக்கிறார்.

மேனேஜர் உண்மையைப் பொய் என்று எழுதச் சொன்னார், நீங்கள் பொய்யை உண்மை என்று சொல்லச் சொல்கிறீர்கள், இரண்டு பேருக்கும் என் வேலை மேல் அவ்வளவு நம்பிக்கையா என்றேன். வருவேன், டிவியும் கொண்டுவருவேன், இரண்டையும் நானே போட்டுக் காட்டுவேன் என்றேன். ஊர் வாய்ப்பைக் கெடுக்கிறாய் என்று எழுந்து போய்விட்டார். காபியைக் குடிக்கவில்லை.

வாசலில் இரண்டு பேர் என்னைக் கேட்கவே பேசினார்கள்: "இவ ஃபிலிம் காட்டப் போயி ஊர் மானம் போச்சு."

போகட்டும். என் சமையலறையிலும்தான் வண்டு வருகிறது. ஊர் என்றால் நானும்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி, மிட்டாய், வெயில். பள்ளிக்கூட மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். மேனேஜரும் வந்திருந்தார், முதல் வரிசை.

சுதந்திர தினத்திலும் லைன் ஓடுகிறதாம், இ. லீவு போட்டுவிட்டு வந்து ஒயர் மாட்டினாள். சூப்பர்வைசர் கத்துவாராம், கத்தட்டும் என்றாள்.

முதலில் என்னுடையது. இது நான் செய்தது, படத்துக்காகச் செய்தது, மனுவில் தவறிச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். முணுமுணுப்பு. மேனேஜர் தலையாட்டினார். டம்ளர் வண்டை நானே நிறுத்திக் காட்டினேன். இன்னும் அவர் பார்க்காத தப்புகளையும் காட்டினேன். நாலாயிரத்தில் ஒன்றுகூட மல்லாந்து கிடக்கவில்லை. ஒன்றுகூடத் தட்டுக்கு அடியில் புகவில்லை. இதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை என்றேன்.

பிறகு கூழ்ப்பானை. நாலு நிமிடம், வெட்டு இல்லை. அம்மா கை துணியைத் தட்டும் இடத்தில் நிறுத்தினேன். உதிர்ந்த வண்டுகள் செத்த மாதிரி கிடக்கின்றன. எண்ணுங்கள் என்றேன். இரண்டு மூன்று பேர் எண்ண ஆரம்பித்து மண்டபமே எண்ணியது. இருபத்திரண்டில் ஒன்று காலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் துணி மடிப்புக்கு அடியில் போய்விட்டன.

மேடம் கேட்டார்: உன்னைவிட நன்றாகத் தெரிந்த யாரோ இதையும் செய்திருக்கலாமே?

நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

"வீடியோவ நம்ப வேணாம் மேடம். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்க வூட்டுக்கு வாங்க. லைட்ட போடறேன். உங்க கண்ணால பாருங்க."

வேறு கூட்டம் இருக்கிறது, பார்க்கலாம் என்றார். மேனேஜர் லேசாகச் சிரித்தார். அப்போது அம்மா எழுந்தாள். கிராம சபையில் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை. மூன்றாம் நம்பர் ஷெட், ஒரு வருட மூட்டை, எந்த வரிசை, சாவி யாரிடம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மேடம் குறித்துக்கொண்டார். மேனேஜர் சிரிக்கவில்லை.

ஏழு பத்து. வாசலில் ஸ்கூட்டர். மேடம், ஓட்டிக்கொண்டு வந்தது அவர் வீட்டுக்காரர். காலையில் கட்டியிருந்த அதே புடவை. அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு, முன்னால் ஒரு தட்டு சோறு வைத்தாள். ட்யூப்லைட்டைப் போட்டேன். முதலில் இரண்டு. பிறகு டிக் டிக் டிக். கால் மணி நேரத்தில் சோற்றின் மேல் எட்டு, அவர் புடவைக் கொசுவத்தில் நாலைந்து, தோளில் ஒன்று. அவர் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். மேடம் எழவில்லை. தட்டு விளிம்பில் ஒன்றை விரலால் தொட்டார். அது காலை மடக்கியது. உதடு அசைய எண்ணினார். நான் இந்தப் பக்கம் எண்ணினேன். அது எழுந்து தட்டுக்கு அடியில் போனது.

"தினமுமா?" என்றார் அம்மாவிடம்.

"தெனமும்தான் மேடம்."

அங்கேயே வெள்ளைத்தாளில் எழுதினார், நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு. தாள் மேல் நடந்த வண்டை ஊதித் தள்ளிவிட்டு எழுதினார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டு நாளாக நல்ல மழை.

மூன்றாம் ஷெட்டுக்கு நோட்டீஸ். மூட்டைகள் லாரியில் போய்விட்டன, ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்கிறார்கள். ஏழரைக்குச் சமையலறைச் சுவரில் எண்ணினேன்: இருபத்து மூன்று. முன்பு எண்ணவே முடியாது. தீரவில்லை. அடுத்த மனு நான்தான் எழுதுகிறேன். சித்தப்பா கையெழுத்துப் போடுவார், போட்டுத்தான் ஆக வேண்டும்.

அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை. சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்துவிட்டாள்.

படம் முடிந்தது. மல்லாந்து கிடப்பதைச் செய்தேன். அடியில் புகுவதைச் செய்தேன். செத்த மாதிரி கிடப்பதற்கு மட்டும் ஆறு நாள். டம்ளர், கரண்டி, வளையல், எல்லாவற்றையும் சுற்றிப் போகிறது. ஒன்றுகூட எதற்குள்ளும் நுழையவில்லை, நாலு முறை ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தாயிற்று.

குடோனிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்திருந்தது. வண்டுகள் கற்பனை என்று படத்தில் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் நடவடிக்கை. போடுகிறேன் என்று பதில் எழுதினேன். கடைசியில் கருப்புத் திரையில் போட்டிருக்கிறேன்:

"இந்தப் படத்தில் வரும் வண்டுகள் கம்ப்யூட்டரில் நான் செய்தவை. எங்கள் ஊருக்கு வரும் வண்டுகள் அப்படியல்ல."

மத்தியானம் மாடி அறையில் ஜன்னலை அடைத்துவிட்டுப் போட்டோம். இ.யின் லைனில் வேலை செய்யும் பெண்கள் பதினொரு பேர், பாயில். ஐந்தாவது நிமிடம் பதினொரு பேரும் காலை இழுத்து மடக்கிக்கொண்டார்கள். இ. என் கையைக் கிள்ளினாள். தடம் இன்னும் இருக்கிறது.

நாலு மணிக்கு மேனேஜர் போன். படத்தை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடைசி இரண்டு வரியை எடுத்துவிடு என்றார். இரண்டில் எந்த வரி பொய் என்று கேட்டேன்.

அவர் போனை வைக்கவில்லை, மூச்சு கேட்டது. நானும் வைக்கவில்லை.